ஒரு டீ நேரம் நிற்க வேண்டும்

தம்பிகளே, தங்கைகளே, இதைப் படிக்க உட்காரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பட்டறையில் நிற்கும் டிராக்டர் ஒன்றைக் கிளப்பி, பின்னால் மாட்டியிருக்கும் கலப்பையை முழுக்க மேலே தூக்கி, என்ஜினை அணைத்துவிடுங்கள். கலப்பையைத் தாங்கும் லிஃப்ட் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்கு நேராக மட்கார்டில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். யாரும் கீழே போய்த் தலையை நீட்டாதபடி சுற்றிலும் கயிறு கட்டுங்கள். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். நானும் முப்பது வருடம் ஏன் என்று கேட்காமல்தான் வேலை பார்த்தேன். அதன் விளைவைத்தான் எழுதப்போகிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு லிஃப்ட் பற்றி நான் எழுத வேண்டும் என்று முதலாளி கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போதெல்லாம் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுவதற்கு மூன்று தடவை ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டியிருக்கிறது. எழுந்தாலும் நின்ற இடத்தில் நிற்பதில்லை, மெதுவாக இறங்கிவிடுகிறேன். ஆகவே இந்தத் தலைப்பில் எனக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரகடம் கூட்டு ரோட்டை ஒட்டியிருந்த எங்கள் பட்டறையில், கைமாறி வந்த மினி டிராக்டர்கள்தான் பிழைப்பு. சுற்றிலும் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். கழனி குறைந்தது. ஆனால் சின்ன டிராக்டருக்கு வேலை குறையவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் முகப்பில் ஒரு தோட்டம் வேண்டுமே. நெல்லுக்கு உழுத வண்டி புல்லுக்கு உழ ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

பழைய வண்டி வந்தால் லிஃப்டைச் சோதிக்க எங்களிடம் ஒரே ஒரு முறைதான். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டு, மேலே தூக்கு, என்ஜினை அணை, கோடு போடு, எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ குடி. திரும்பி வரும்போது லிஃப்ட் கை கோட்டிலேயே நின்றால் வண்டி நல்ல வண்டி. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே எங்கோ ஆயில் கசிகிறது. நான் இரண்டாவது டீ சொன்னாலே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா, வண்டி டவுட்டா?" என்பார்.

இப்படி ஒரு பொறுமையான சோதனை இருந்தும், எனக்குப் பட்டறையில் இருந்த பட்டப்பெயர் 'தீர்ப்பு'. மொபெட்டிலிருந்து ஒரு கால் தரையில் படும் முன்பே "பம்பு போச்சு", "வால்வு போச்சு" என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அந்தப் பாதிதான் என்னைக் கெடுத்தது.

சென்னைப் பெருவெள்ளத்துக்குச் சில வருடங்கள் முன்பு வசந்தா என்ற பெண் ஒரு மினி டிராக்டரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். பக்கத்து ஊர்க்காரி. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அந்த டிராக்டரை வாங்கியது, ஓட்டுவது, வாடகை பேசுவது எல்லாம் வசந்தாதான். நான் மொபெட்டில் வந்து நிற்கும்போதே ஆரம்பித்தாள்.

"லிஃப்ட் சரியில்ல மேஸ்திரி."

"பம்பு போச்சும்மா."

"பம்பு போனா தூக்கவே தூக்காது இல்ல? இது நல்லா தூக்குது. தூக்கினு நிக்கத்தான் மாட்டேங்குது."

நான் மொபெட்டை ஸ்டாண்டு போட்டேன். இறங்கும் முன் தீர்ப்பு சொன்னால் இதுதான் தொல்லை, இறங்கிய பிறகு வேறு தீர்ப்பு சொல்ல வேண்டும். "அதைத்தாம்மா சொல்ல வந்தேன். பிஸ்டன் ரிங்கு போயிருக்கு."

"முதல்ல பம்புன்னீங்க?"

"பம்பு நல்லா கீதுன்னு சொன்னேன்."

லிஃப்டுக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பம்பு அனுப்பும் ஆயில் அதைத் தள்ளினால் கை மேலே போகும். அந்த ஆயில் பிஸ்டனைத் தாண்டிக் கசிந்துவிடாமல் பிடித்துக்கொள்வது ஒரு ரப்பர் வளையம்தான். அதைத்தான் ரிங்கு என்கிறோம். பிரித்துப் பார்த்தேன், ரிங்கு தோசை ஓரம் மாதிரி கிழிந்திருந்தது. புதியது போட்டேன். டீ குடித்து வந்து பார்த்தோம். கோட்டில் நின்றது.

"ஒரு டீக்கு நிக்குது, இட்டுனு போம்மா" என்றேன்.

"ஒரு டீ போதுமா மேஸ்திரி? எங்க வூட்டுக்காரு குடிக்கிற மாதிரி குடிச்சா ஒரு டீ அரை ஷிஃப்டு ஆவும்."

சிரித்து அனுப்பிவைத்தேன். அடுத்த வாரம் அவளிடமிருந்து போன்.

"மேஸ்திரி, உங்க லிஃப்டு படுத்துகிச்சு."

கவனியுங்கள். நல்லபடியாக ஓடும்வரை அது 'என் வண்டி'. படுத்துவிட்டால் 'உங்க லிஃப்டு'.

விஷயம் இது. ரப்பர் சீல் செய்யும் ஒரு புதிய தொழிற்சாலையில் அன்று திறப்பு விழா. முகப்பில் மரக்கன்றுகளுக்குக் குழி போடும் வேலை வசந்தாவுக்குக் கிடைத்திருந்தது. அன்றைய வேலை ஒழுங்காக முடிந்தால் அந்தத் தோட்டத்தின் வருடாந்திரப் பராமரிப்பையே அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். புல் வெட்டுவதிலிருந்து தண்ணீர் விடுவது வரைக்கும் அவள் பொறுப்பு. அதை நம்பித்தான் டிராக்டரையே வாங்கியிருந்தாள்.

காலையிலிருந்து வரிசையாகக் குழிகள் போட்டாயிற்று. கடைசிக் குழி மேடைக்குப் பக்கத்தில். வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து வரும் பெரியவர் தன் கையால் கன்று நடப்போகும் குழி. அங்கேதான் குழி மிஷின் மண்ணுக்குள் இறங்கியது, இறங்கியது, மேலே வரவே இல்லை. குழி மிஷின் என்பது ஆள் உயரத் திருகாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரின் லிஃப்டில் தொங்கும், என்ஜின் சக்தியில் சுற்றும், லிஃப்ட் தூக்கினால்தான் வெளியே வரும்.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மொபெட்டை வளைத்து வளைத்து ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே டை கட்டிய ஓர் இளைஞர் ஓடி வந்தார். பெயர் பால்துரை, தூத்துக்குடிப் பக்கம். அட்மின் அதிகாரி. அவர் பொறுப்பில் நடக்கும் முதல் விழா அது.

"அண்ணாச்சி, நீங்கதானா அந்த மெக்கானிக்? விருந்தாளிங்க வந்துட்டாவன்னா என் சோலி முடிஞ்சுது அண்ணாச்சி."

மொபெட்டில் உட்கார்ந்தபடியே டிராக்டரைப் பார்த்தேன். வாயில் தீர்ப்பு வந்துவிட்டது. "ரிங்கு போச்சு."

சொன்ன பிறகுதான் அது யார் போட்ட ரிங்கு என்று நினைவு வந்தது. என் மேலேயே நான் சொல்லிக்கொண்ட முதல் தீர்ப்பு அதுதான்.

வசந்தா டிராக்டர் சீட்டிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

அங்கே ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் சங்கிலியோடு தயாராக நின்றார், கட்டித் தூக்கிவிடலாம் என்று. முந்தின நாள்தான் பதித்த புல்தரை. ஃபோர்க்லிஃப்ட் ஏறினால் புதையும், அதைத் தூக்க இன்னொரு ஃபோர்க்லிஃப்ட் வேண்டும். சங்கிலி அறுந்தால் யார் முகத்தில் அடிக்கும் என்பது வேறு. வேண்டாம் என்றேன். பால்துரை என் காதருகே வந்தார்.

"அண்ணாச்சி, பேசாம மிஷின் மேல பட்டுத் துணியச் சுத்தி ஒரு மாலையப் போட்டுருவமா? அலங்காரம்னு நெனச்சுக்கிடுவாவ."

"டிராக்டருக்கு?"

"அதுக்கு ரெண்டு மாலை."

இந்த மாதிரி நேரத்தில் மெக்கானிக்குக்கு ஒரு வியாதி வரும். பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்றால் கை சும்மா இருக்காது. எதையாவது கழற்ற வேண்டும். நான் வண்டிக்குக் கீழே படுத்து, ஆயில் இறக்கும் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டேன். லிஃப்டைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் ஆயிலை இறக்க வேண்டும். எங்கே இறக்குவது? அந்தப் பச்சைப் புல்லில், சிவப்புக் கம்பளத்துக்குப் பக்கத்தில். கால் திருப்பு திருப்பியிருந்தால் போதும். இன்றும் அந்தக் கம்பெனி காம்பவுண்டில் புல் முளைக்காத ஓர் இடத்துக்கு என் பெயர் வைத்திருப்பார்கள்.

நிறுத்தியது வசந்தாவின் குரல்தான். "தொறக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி தூக்கச் சொல்லிப் பாக்க மாட்டீங்களா மேஸ்திரி? ஆஸ்பத்திரில கூட நாக்க நீட்டச் சொல்லிட்டுதான் கத்தி எடுப்பாங்கோ."

வெளியே வந்தேன். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். மிஷினைச் சுழற்றும் ஷாஃப்ட் ஓட்டத்தில் இல்லை என்று பார்த்துவிட்டு, "இப்ப தூக்கும்மா" என்றேன். அவள் லிஃப்ட் லீவரை மேலே இழுத்தாள்.

கீச்ச்ச் என்று ஒரு சத்தம். பிரஷர் குக்கர் விசிலுக்கு முன் முனகுமே, அப்படி. பின் டயர்கள் இரண்டும் அமுங்கின. மிஷின் அசையவில்லை.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது ரிலீஃப் வால்வின் சத்தம். தாங்க முடியாத அளவுக்கு அழுத்தம் ஏறினால் ஆயில் அந்த வழியாகத் தப்பித்துப் போகும். ரிங்கு கிழிந்திருந்தால் அழுத்தமே ஏறாது, சத்தமும் வராது. டயர் அமுங்குகிறதென்றால் லிஃப்ட் உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருக்கிறது. பாவம், அதைப் போய் நாங்கள் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தோம்.

"லிஃப்டு நல்லா கீது" என்றேன்.

"அப்ப ஏன் அண்ணாச்சி வரல?"

"கீழே யாரோ புடிச்சினுகீறாங்க."

பால்துரை பயத்தோடு குழியைப் பார்த்தார். நான் குழியோரம் மண்டியிட்டு மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். மேலே கொட்டி நிரப்பிய செம்மண். அதற்குக் கீழே கறுப்பாக, பசையாக, ஏரிப் பக்கத்துக் களிமண். மற்ற குழிகளெல்லாம் செம்மண்ணோடு முடிந்துவிட்டன. பெரியவருக்கான குழியாயிற்றே என்று இதை மட்டும் ஆழமாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். திருகாணி களிமண்ணில் மரையேறி உட்கார்ந்துவிட்டது. மரத்தில் முறுக்கிய ஸ்க்ரூவைக் குறடு வைத்து மேலே இழுத்தால் வருமா? எதிர்ப்பக்கம் திருக வேண்டும்.

என்ஜினை அணைத்து, ஷாஃப்டையும் கழற்றிவிட்டோம். மெயின்டனன்ஸிலிருந்து பெரிய பைப் ரெஞ்ச் ஒன்றும் அதன் கைப்பிடியில் செருக ஒரு நீளக் குழாயும் வந்தன. நான், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், டையைத் தோளில் போட்டுக்கொண்ட பால்துரை, மூன்று பேரும் குழாயைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு குழியைச் சுற்றினோம். குழி ஓரத்தில் பால்துரையின் ஷூ ஒன்று களிமண்ணில் மாட்டிக்கொண்டது. அவர் நிற்கவில்லை, ஒற்றை ஷூவோடு சுற்றினார்.

"கோயில்ல கூட இப்பிடிச் சுத்துனதில்ல அண்ணாச்சி."

"வேண்டிக்கினு சுத்துப்பா."

சுற்றச் சுற்ற மிஷின் விரல் விரலாக மேலே வந்தது. இளகியதும் எல்லோரும் விலகினோம். வசந்தா கிளப்பித் தூக்கினாள். குழம்புச் சட்டியிலிருந்து கரண்டியை உருவுகிற சத்தத்தோடு திருகாணி வெளியே வந்து, ஒரு கட்டிக் களிமண்ணை என் நெஞ்சில் வீசியது. பால்துரை கைதட்டினார். அவருக்குப் பின்னால் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே.

செக்யூரிட்டி ஓடி வந்து கையைக் குறுக்கே நீட்டினார். இனிமேல் எந்த வண்டியும் நகரக் கூடாது, என்ஜின் சத்தம் கூடாது, மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆளே இருக்கக் கூடாது. வசந்தா என்ஜினை அணைத்தாள். இறங்கும் முன் சீட்டுக்கு அடியில் இருந்த குமிழை முழுக்க மூடச் சொன்னேன். அதை மூடினால் பிஸ்டனுக்குள் போன ஆயில் வால்வு வழியாகத் திரும்பாது. இனிமேல் லிஃப்ட் இறங்கினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும், நான் போட்ட ரிங்கு. வேறு யார் மேலும் பழிபோட முடியாதபடி என் கதவை நானே சாத்திவிட்டேன்.

ஆக, காட்சி இது. மேடையில் மைக். பக்கத்தில் குழி. குழிக்கு மேலே அந்தரத்தில் களிமண் அப்பிய திருகாணி. யார் போட்டதோ தெரியவில்லை, டிராக்டருக்கு ஒரு மாலை. இருநூறு தொழிலாளிகள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் மைக் முன் நின்று பேச ஆரம்பித்தார். எதைப் பற்றி? சீல் எப்படி ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி.

அவர் ஒரு வாக்கியம் பேச, மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் மூன்று வாக்கியமாக்கினார். ஒரு டீக்கு நின்ற லிஃப்ட் இது. பேச்சு போகிற போக்கைப் பார்த்தால் ஒரு விருந்துக்கு நிற்க வேண்டியிருக்கும்போல் இருந்தது.

கயிற்றுக்கு வெளியே நானும் வசந்தாவும் பால்துரையும் நின்றோம். கோடு போட நேரமில்லை. ஆகவே பின்னால் கட்டியிருந்த பேனரை அடையாளமாக வைத்துக்கொண்டேன். மிஷினின் தலை பேனரின் கடைசி வரிக்கு நேராக இருந்தது. இமைக்காமல் பார்த்தேன்.

"நிக்குமா அண்ணாச்சி?"

நான் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மேஸ்திரி," வசந்தா மெல்லச் சொன்னாள், "இன்னிக்கு தீர்ப்பு இல்லியா?"

"விசாரணை நடந்துகினு கீதும்மா."

கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. கடைசி வரிக்கு நேராக இருந்த மிஷின் தலை இப்போது அதற்கு மேல்வரியில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இன்னும் கொஞ்சம் மேலே. என்ஜின் அணைந்த வண்டியில் லிஃப்ட் தானாக ஏறுகிறது! ஒரு கணம், சத்தியமாக, நான் நம்பிவிட்டேன். உலகத்தில் எந்த மெக்கானிக்கும் போடாத மாதிரி ஒரு ரிங்கைப் போட்டுவிட்டேன் என்று நெஞ்சு விம்மியது. அதில் அப்பியிருந்த களிமண் கொஞ்சம் உதிர்ந்தது.

"வசந்தாம்மா, பாத்தியா? ஏறுது!"

அவள் பார்த்தாள். "மேஸ்திரி, பேனர் எறங்குது."

பேனரின் கயிறு அவிழ்ந்து அது மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தது. பால்துரை ஒற்றை ஷூவோடு பாய்ந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டார். பேச்சு முடியும்வரை விடவில்லை. நான் என் அடையாளத்தையும் உலக சாதனையையும் ஒன்றாக இழந்து நின்றேன்.

பேச்சு முடிந்தது. லிஃப்ட் நின்றது. வசந்தா மூச்சு விட்டாள்.

பெரியவர் கன்றைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகக் குழியை நோக்கி நடந்தார். திருகாணிக்கு நேர் கீழே. போட்டோ எடுப்பவர்கள் பின்னால் போனார்கள். டிராக்டரை முதலில் நகர்த்த வேண்டும் என்று சொல்ல வேண்டிய பால்துரை பேனரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் யாரும் பெரியவரைத் தடுக்கத் துணியவில்லை.

பிள்ளைகளே, நன்றாக நின்ற லிஃப்ட்தான். என் ரிங்குதான். அவர் அங்கே இரண்டு நிமிடம் குனிந்து எழுந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று பத்துக்கு ஒன்பது பங்கு சொல்வேன். ஆனால் தூக்கி நிறுத்திய இரும்புக்குக் கீழே மனிதரை விடுவதற்கு ஒன்பது பங்கு போதாது. வசந்தாவைப் பார்த்தேன். கயிற்றைத் தாண்டினால் அவள் வேலை போகலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"போங்க மேஸ்திரி" என்றாள்.

போனேன். நெஞ்சில் களிமண்ணோடு, கையில் ஸ்பேனரோடு, கம்பளத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். செக்யூரிட்டி என்னை நோக்கி வந்த வேகத்தில் நானே பயந்துவிட்டேன்.

"சார், அது கீழே வராதீங்க. வண்டிய எடுத்துடறோம், கொஞ்சம் பொறுங்க."

மொழிபெயர்ப்பாளர் ஏதோ நீளமாகச் சொன்னார். பெரியவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், நாலு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். வசந்தா ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பித் தள்ளி ஓட்டிப்போய், மிஷினைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். எல்லாம் அவள் தினமும் செய்வதுபோல அவசரமில்லாமல். பிறகுதான் கன்று நட்டார்கள்.

அன்று மாலை பால்துரை போன் செய்தார். இங்கிருக்கும் தொழிற்சாலைத் தலைவர் கேட்டாராம்: "வண்டியை இறக்கி வெச்சு சாவியையும் எடுத்துக்கிட்டு இறங்கினாங்களே, அந்தம்மா யாரு? தோட்டத்தை அவங்ககிட்டயே குடுத்துடுங்க." என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா என்றேன். கேட்டாராம், "அந்தக் களிமண் யாரு?" என்று.

வசந்தா அந்தத் தோட்டத்தை வருடக்கணக்கில் பார்த்தாள். பெரியவர் நட்ட மரம் நன்றாக வளர்ந்தது. குழி ஆழமல்லவா. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் மொபெட்டை நிறுத்தி, இறங்கி, ஸ்டாண்டு போட்ட பிறகுதான் அதைப் பற்றி ஏதாவது சொல்வேன்.

படித்து முடித்துவிட்டீர்களா? ஒரு டீ நேரம் ஆகியிருக்கும். எழுந்து போய் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள். கயிற்றுக்கு வெளியே நின்றே பாருங்கள். பார்க்கும்வரை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள். கை கோட்டுக்கு மேலே ஏறியிருப்பதாகத் தெரிந்தால் மட்டும் எனக்குப் போன் செய்யுங்கள்.